பதினாலாம் நம்பர் பஸ்ஸுக்கு ஒரு கம்ப்யூட்டர்

என் தங்கை அந்தக் கடையில் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உட்கார ஒரு ஸ்டூல். முதல் ஏழு மாதம் நின்றுகொண்டேதான் பில் போட்டாள். கண்ணாடி அலமாரியின் இரண்டாவது சாவி; அதற்கு ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆயிற்று. காந்த முனை வைத்த ஒரு ஸ்க்ரூடிரைவர். அது அவள் சொந்தக் காசில் வாங்கியது, ஆகவே அதைக் கடைக்குள் ஒளிக்காமல் கையில் வைத்திருக்கும் உரிமையைத்தான் ஜெயித்தாள் என்று சொல்ல வேண்டும். மேஜை விசிறி பில் கவுண்டர் பக்கமும் திரும்பலாம் என்ற தீர்ப்பு. கடைசியாக, தீப்பெட்டி அகலத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர்.

அந்த ஸ்டிக்கரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நான் எட்டாவது வரை படித்த தையல்காரன். ஆனால் ஆர்டர் நோட்டில் தேதி குறிக்காமல் ஒரு பித்தான்கூடத் தைத்ததில்லை. அதனால் இதில் வரும் தேதிகளை நம்பலாம்.

அவள் என்னைவிட ஒன்பது வயது சின்னவள். பதினோரு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தையல் மெஷினின் மோட்டாரைக் கழற்றித் தரை முழுக்கப் பரப்பிவிட்டாள். நான் நூல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, எதையும் மிதிக்காமல் எப்படி உள்ளே போவது என்று வாசலில் நின்றேன்.

"அண்ணா, அப்படியே நில்லு. பத்தே நிமிஷம்" என்றாள்.

ஒன்றரை மணி நேரம் நின்றேன். மாட்டி முடித்தபோது ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. மெஷின் அன்றிலிருந்து முன்னைவிடச் சத்தம் குறைவாக ஓடுகிறது. அந்த ஸ்க்ரூவைப் பொட்டலம் கட்டி டிராயரில் வைத்திருக்கிறேன். இதுவரை மெஷினும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

பன்னிரண்டாவது முடித்ததும் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். வேலைக்கான படிவத்தில் காப்பாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூடத்து மார்க் அட்டையிலிருந்து அதுவரை அவளுக்காகப் போடப்பட்ட கையெழுத்தெல்லாம் என்னுடையதுதான். சம்பளத் தாளில்கூட அவள் பெயருக்கு எதிரே முதலாளியே ஒரு டிக் அடித்துக்கொள்வார். கடையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவரும் கிடையாது. பில் போடுகிறவள், ஆகவே பில்லு.

அந்தக் கடையின் பெரிய வியாபாரம் கேமிங் கம்ப்யூட்டர். அதை டப்பாவோடு ரெடிமேடாக வாங்குவதில்லை. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒரு இரும்புக் கூண்டுக்குள் பூட்டித் தருவார்கள். கூண்டுக்குக் கேபினட் என்று பெயர். என் தொழிலில் துணி எடுத்துத் தைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பூட்டி முடித்த கேபினட்டின் இடது கதவுக்கு உள்பக்கம் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பூட்டியவர் அதில் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வருஷத்துக்குள் என்ன கோளாறு வந்தாலும் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. அந்தக் கையெழுத்துப் போடும் உரிமை ஒரே ஒருவரிடம் இருந்தது. முதலாளியின் மனைவியுடைய தம்பி. அவருடைய டிஷர்ட்டின் முதுகில் 'எக்ஸ்பர்ட்' என்று அச்சிட்டிருக்கும். அப்படி நாலு டிஷர்ட் வைத்திருந்ததால் தினமும் எக்ஸ்பர்ட்டாகவே இருந்தார்.

எக்ஸ்பர்ட்டுக்கு விளக்கு பிடிக்கும். ஃபேனில் விளக்கு, ரேமில் விளக்கு, கீபோர்டில் விளக்கு, எலியின் வயிற்றில் விளக்கு. வாடிக்கையாளர் கொண்டுவரும் பணத்தில் பாதி வெளிச்சத்துக்கே போய்விடும். மிச்சப் பணத்தில், படத்தைத் திரையில் ஓட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டு என்ன கிடைக்கிறதோ அதைச் சொருகிக் கொடுப்பார். ஓடாவிட்டால் "கேம்ல பிரச்சினை" என்பார். கேமை மாற்றினால் "இன்டர்நெட்ல பிரச்சினை" என்பார். இன்டர்நெட்டை மாற்றினால் "உங்க வீட்டு கரண்ட்" என்பார். வீட்டை மாற்றச் சொன்னதில்லை.

ஒரு பல் டாக்டர் பெரிய தொகை கொடுத்து ஒரு மெஷின் வாங்கி, நத்தை மாதிரி ஓடுகிறது என்று மூன்று முறை தூக்கிக்கொண்டு வந்தார். எக்ஸ்பர்ட் முதல் முறை ரேமை மாற்றினார், இரண்டாவது முறை கார்டை மாற்றினார், மூன்றாவது முறை டாக்டரின் ரசனையையே மாற்றப் பார்த்தார். என் தங்கை பில்லை நீட்டப் போனவள் மெஷினின் முதுகுப்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். மானிட்டர் வயரைக் கார்டில் சொருகாமல் மேலே மதர்போர்டில் சொருகியிருந்தது. அவ்வளவு விலை கொடுத்த கார்டு மூன்று மாதமாக உள்ளே சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வயரைப் பிடுங்கிக் கீழே இருந்த துளையில் சொருகினாள். மெஷின் பறந்தது. சர்வீஸ் சீட்டில் எக்ஸ்பர்ட் 'உயர்நிலை அமைப்புச் சீரமைப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்.

இப்படி நாலு வருஷம். எக்ஸ்பர்ட் சாப்பிடப் போகும் நாற்பது நிமிஷத்தில் அவள் பூட்டிய மெஷின்கள் பதினொன்று என்று அவள் சொன்ன நாட்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். பதினொன்றிலும் அவர் கையெழுத்து. அந்தப் பதினொன்றில் ஒன்றும் திரும்பி வரவில்லை.

இந்த நிலைமையில் 2018 டிசம்பர் 11, செவ்வாய்க்கிழமை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் கடைக்கு வந்தார். முப்பத்துமூன்று வருஷம் பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற ஐந்தாம் மாதம், கண்ணில் ஏதோ குறை என்று சொந்த வண்டி ஓட்டும் லைசென்சையும் வாங்கி வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் கேம் ஒன்று இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். பணத்தை ஒரு பழைய டிக்கெட் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்.

"எனக்கு எவனையும் சுட வேண்டாம் தம்பி. ஒரு பஸ் ஓட்டணும். அவ்வளவுதான்" என்றார்.

எக்ஸ்பர்ட் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த கேபினட். ஏழு விளக்கு ஃபேன். நொடிக்கு நூற்று நாற்பத்துநாலு படம் காட்டும் மானிட்டர். படுக்கை மாதிரி சாய்கிற நாற்காலி.

"படுத்துக்கிட்டு பஸ் ஓட்டினா சஸ்பென்ட் பண்ணிடுவாங்க தம்பி" என்றார் டிரைவர்.

"ஸ்பீடு சார், ஸ்பீடு! நீங்க எவ்வளவு வேகம் போனாலும் படம் உடையாது."

"நான் நாப்பதுக்கு மேல போக மாட்டேனே."

"சரி, வாட்டர் கூலிங் போட்டுடலாம். உள்ள தண்ணி சுத்தும். சூடே ஆகாது."

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தி ஊத்தித்தான் என் இடுப்பே போச்சு. வேற ஏதாவது சொல்லுங்க."

"சார், இது அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்."

"அஞ்சு வருஷம் கழிச்சு நான் இருந்து பார்க்கணுமே, அதைச் சொல்லுங்க."

தாளின் அடியில் எக்ஸ்பர்ட் கூட்டிப் போட்ட தொகை, டிக்கெட் பையில் இருந்ததைப்போல ஒன்றரை மடங்கு. டிரைவர் அதைப் பார்த்தார், பையின் ஜிப்பை இழுத்து மூடினார். முதலாளி பெருமூச்சு விட்டார். அப்போது பில் கவுண்டரிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இந்தப் பணத்துல முடியும் சார்."

கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விசிறிகூட அவள் பக்கம்தான் திரும்பியிருந்தது என்று சொன்னாள்.

"பில்லு, நீ பில்லைப் போடு" என்றார் எக்ஸ்பர்ட்.

"பில் போடறதுக்கு முதல்ல ஒருத்தர் வாங்கணுமே தம்பி. அந்தப் பொண்ணு சொல்லட்டும்" என்றார் டிரைவர்.

அவள் மற்றவர்களைப்போலப் பாகத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை. டிரைவரிடம் கேள்வி கேட்டாள். எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள், வீட்டில் டிவி இருக்கிறதா, அதன் முதுகில் என்னென்ன துளை இருக்கிறது, மேஜை ஆடுமா. கடைசியாக, "சார், ஸ்டியரிங்கோட ரெண்டு பெடல் வர்றதும் இருக்கு, மூணு பெடல் வர்றதும் இருக்கு. மூணு பெடல் விலை ஜாஸ்தி. எது வேணும்?"

"இடது காலுக்கு வேலையே இல்லாம எப்படிம்மா பஸ் ஓட்டறது? கிளட்ச் இல்லாத வண்டியை நான் தொட்டதே இல்ல."

"அப்ப மூணு பெடல்தான். அந்தக் காசை வேற இடத்துல பிடிப்போம்."

அன்று சாயங்காலம் வீட்டில் என்னிடம் விளக்கினாள். "நீ ரெண்டே கால் மீட்டர் துணியில முழுக்கைச் சட்டை எடுக்கிறல்ல, அதே வேலைதான். முதல்ல உடம்பை வெட்டணும், அப்புறம் கை, காலர் கடைசி. எக்ஸ்பர்ட் காலர்ல லேஸ் வெச்சுட்டு முதுகுக்குத் துணி பத்தலங்கறாரு." இந்த உதாரணத்தை அவள் கடையிலும் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை மிச்சமாயிருக்கும்.

கடையில் அவள் போட்ட பட்டியல் இது. மானிட்டர் வேண்டாம், டிவி போதும். மூளைக்கு, இரண்டு தலைமுறை பழைய பிராசசர், பயன்படுத்தியது, சோதித்துப் பார்த்தது. விளக்கில்லாத ரேம் இரண்டு. ஒரு அலுவலகம் திருப்பிக் கொடுத்து, வாரண்டியில் எட்டு மாதம் பாக்கி இருந்த நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு. பவர் சப்ளை மட்டும் புதுசு, நல்லது. "இதுல பேரம் கிடையாது. இது கெட்டுச்சுன்னா கூட இருக்கிற எல்லாத்தையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிடும்" என்றாள். கேபினட்டுக்கு எங்கும் போகவில்லை. மேல் தட்டுக்கு எட்டாதபோது ஏறி நிற்பதற்காக மூன்று வருஷமாகக் கடையில் ஒரு விற்காத கேபினட் கிடந்தது. மேலே ஒரு பள்ளம் விழுந்திருந்தது; எக்ஸ்பர்ட்டின் எடை அது. முன்பக்கம் முழுக்கத் துளை போட்ட இரும்பு வலை.

டிரைவர் அந்த வலையைத் தடவிப் பார்த்து, "பழைய வண்டியோட முன்கிரில் மாதிரியே இருக்கும்மா" என்றார்.

எல்லாம் சேர்ந்து பையில் இருந்த பணத்துக்குள் அடங்கியது. எக்ஸ்பர்ட் கையை உதறிக்கொண்டார். "மாமா, இந்தக் குப்பையில நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்கே திரும்பி வரும்."

"வராது" என்றாள் தங்கை.

முதலாளி கெட்டவர் இல்லை. வியாபாரமும் வேண்டும், மனைவியின் தம்பியும் வேண்டும், வீட்டில் சாப்பாடும் வேண்டும் என்று நினைக்கிற மனிதர். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "ஸ்டிக்கர் காலியா இருக்கட்டும். தொண்ணூறு நாள். வண்டி திரும்பி வரலைன்னா பில்லு அதுல கையெழுத்துப் போடட்டும், பூட்டற மேஜைக்கு வரட்டும். வந்துச்சுன்னா, பில் கவுண்டரை விட்டு எந்திரிக்கக் கூடாது, ஸ்க்ரூடிரைவரையும் வீட்டுல வெச்சுட்டு வரணும். சம்மதமா?"

"சம்மதம் சார்."

டிசம்பர் 18, செவ்வாய்க்கிழமை, மெஷின் டிரைவர் வீட்டுக்குப் போனது. முதலாளி காலண்டரில் மார்ச் 18-ஐச் சுற்றி வட்டம் போட்டார். என் தங்கை பழைய பில்களின் முதுகில் கையெழுத்துப் போட்டுப் பழக ஆரம்பித்தாள். முதலில் ஒவ்வொரு எழுத்தும் பள்ளிக்கூட வரிசையில் நிற்பதுபோல் நின்றது. பிப்ரவரி வாக்கில் கொஞ்சம் கைகோத்துக்கொண்டது.

இனி என் பங்கு. மறைக்க முடியாது, எழுதிவிடுகிறேன்.

மார்ச் முதல் வாரம் டிரைவர் என் கடைக்கு யூனிபார்ம் பேன்ட் இடுப்பைத் தளர்த்த வந்தார். ஓய்வு பெற்றவருக்கு யூனிபார்ம் எதற்கு என்று கேட்டேன். "டியூட்டியில லுங்கியோட உட்காரவா சொல்றீங்க?" என்றார். தங்கை பூட்டிய மெஷினைப் பற்றிப் புகழ்ந்து தள்ளினார். "ராணி மாதிரி ஓடுது. மேல ஒரு பள்ளம், அது மட்டும்தான் கண்ணை உறுத்துது" என்றார்.

என் தங்கை தன் பொறுப்பில் பூட்டிய முதல் மெஷினில் ஒரு பள்ளம் கண்ணை உறுத்துகிறதாம். அன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், மெஷினுக்கு ஒரு கவர் தைக்க ஏழு அளவு எடுத்தேன். நல்ல கெட்டியான கித்தான் துணி, உள்ளே மெத்தென்று ஒரு அடுக்கு, ஓரமெல்லாம் நீலப் பைப்பிங். சுவிட்சுக்கு ஒரு காஜா, வயர்களுக்கு நெருக்கமாக இரண்டு காஜா. முன் வலையில் தூசி போகும் என்று அங்கே இரட்டைத் துணி வைத்தேன். நெற்றியில் நீல நூலால் அவள் பெயரை எம்பிராய்டரி செய்தேன். மார்ச் 7, வியாழக்கிழமை, கொண்டுபோய் மாட்டினேன். ஒரு சுருக்கம் கிடையாது. டிரைவரின் மனைவி "எங்க வீட்டு சோபாவுக்குக்கூட இப்படி அமையல" என்றார். பதினெட்டாம் தேதிவரை தங்கையிடம் சொல்ல வேண்டாம், அவளே வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டேன். கூலி வாங்கவில்லை.

மார்ச் 12, எண்பத்துநாலாம் நாள், டிரைவர் மெஷினை ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டு வந்தார்.

"முப்பது நிமிஷம், முப்பத்தஞ்சு நிமிஷம் ஓடுதும்மா. அப்புறம் பட்டுனு நின்னுடுது. நடுரோட்டுல. பயணிகளை வெச்சுக்கிட்டு."

எக்ஸ்பர்ட் காலண்டரையே கழற்றி எடுத்து வந்தார். "மாமா, இன்னும் ஆறு நாள் இருக்கு. வந்துடுச்சு. ஸ்க்ரூடிரைவரை வாங்கி வைங்க."

தங்கை மெஷினை மேஜையில் வைத்து ஓடவிட்டாள். மூன்று மணி நேரம் ஓடியது. சூடு பார்த்தாள், சரியாக இருந்தது. உள்ளே திறந்து பார்த்தாள், ஃபேன்கள் சுற்றின.

"சார், வீட்ல மெஷினைச் சுத்தித் தூசி ஏதாவது?"

"தூசியா? தூசியே அண்டாதும்மா" என்று டிரைவர் பெருமையாகச் சொன்னார். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிற மனிதர், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"செகண்ட் ஹேண்ட் பார்ட்ஸுக்கு மூடு வந்தா ஓடும், மூடு போனா நிக்கும்" என்றார் எக்ஸ்பர்ட்.

"இங்க ஓடுது, அங்க நிக்குது. அப்ப அங்கதான் போய்ப் பார்க்கணும்" என்று தங்கை முதலாளியைப் பார்த்தாள். முதலாளி காலண்டரைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், வியாழக்கிழமை காலை எல்லாருமே போகலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து "திரும்பி வந்துடுச்சு அண்ணா" என்று ஒரே வரியில் சொன்னாள். சாப்பிடவில்லை. ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து என் டிராயரில், அந்தப் பழைய ஸ்க்ரூ பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்குக் கவர் ஞாபகம் வரவே இல்லை. துணி ஒரு மெஷினை நிறுத்தும் என்று எந்தத் தையல்காரனுக்குத் தோன்றும்?

வியாழக்கிழமை நானும் கடையடைத்துவிட்டுக் கூடப் போனேன். கிளம்பும்போது ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டிரைவர் யூனிபார்மில் தயாராக இருந்தார். டிவிக்கு எதிரே மேஜை, மேஜையில் ஸ்டியரிங், கீழே மூன்று பெடல். அவருக்குப் பின்னால் நாலு நாற்காலியை இரண்டு இரண்டாகப் போட்டு, நடுவில் வழி விட்டிருந்தார். நாங்கள் உட்கார்ந்தோம்.

"வீட்ல இருந்தா நிம்மதின்னு நினைச்சேன். இப்ப சமையலறைக்குப் போறதுக்கே ஹாரன் அடிச்சு வழி கேக்கறாரு" என்றார் அவர் மனைவி.

தங்கை மெஷினுக்கு வயரெல்லாம் மாட்டினாள். அதற்குள் அவள் கண்ணில் ஒரு நோட்டு பட்டது. மேஜை ஓரத்தில், கயிற்றில் பேனா கட்டித் தொங்கிய ஒரு நீள நோட்டு.

"இது என்ன சார்?"

"டிரிப் ஷீட். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எடுத்தேன், எத்தனை மணிக்கு விட்டேன், வழியில என்ன கோளாறு, எல்லாம் எழுதணும். எழுதாம வண்டியை எடுத்தா டிப்போவுல விட மாட்டாங்க."

"இது வீடுங்க" என்றார் மனைவி.

"பழக்கம் வீட்டுக்கு வேற, டிப்போவுக்கு வேறயா?"

தங்கை முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்தாள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. கோளாறு என்ற கட்டத்தில் எல்லா நாளும் 'இல்லை'. ஒரே ஒரு நாள் 'ஒரு பயணி சில்லறை தரவில்லை'. அவள் விரல் மார்ச்சில் வந்து நின்றது.

"சார், எழுபத்தெட்டு நாள் ஒரு தடவைகூட நிக்கல. ஏழாம் தேதியிலேருந்து தினமும் நிக்குது. ஏழாம் தேதி என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் மாறலையே" என்றார் டிரைவர், என்னைப் பார்க்காமல்.

"ஏழாம் தேதிதானே கவர் வந்துச்சு" என்றார் மனைவி. பீரோவிலிருந்து மடித்து வைத்திருந்த கவரை எடுத்து வந்து, குழந்தைக்குச் சட்டை போடுவதுபோல் மெஷினுக்கு மாட்டினார். காஜா வழியாக அழகாகச் சுவிட்சைத் தட்டினார். தங்கையின் பெயர் நீல நூலில் எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

தங்கை அந்தப் பெயரைப் பார்த்தாள். தையலைப் பார்த்தாள். பைப்பிங்கைப் பார்த்ததும் அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"அண்ணா."

"தூசி போகும்னுதான்…" என்றேன்.

"உனக்கு ரெண்டு ஸ்வெட்டரைப் போட்டு, மூக்கையும் வாயையும் துணியால கட்டி, மாடிப்படி ஏறி எறங்குன்னு சொன்னா எத்தனை தடவை ஏறுவ?"

"நாலு… அஞ்சு தடவை."

"இது முப்பத்தஞ்சு நிமிஷம் ஏறியிருக்கு. அதுக்கப்புறம் செத்துடக் கூடாதேன்னு தானே நின்னுருக்கு. நல்ல பவர் சப்ளை. வேற ஏதாவதா இருந்தா இந்நேரம் கருகியிருக்கும்."

கவரைக் கழற்றினாள். கோபமாகக் கழற்றவில்லை, காஜா கிழியாமல் கழற்றினாள். அதை நான் கவனித்தேன். பிறகு டிரைவரிடம், "சார், முழு ரூட்டும் ஓட்டுங்க" என்றாள்.

டிரைவர் டிரிப் ஷீட்டில் நேரம் குறித்துவிட்டுக் கிளட்சை மிதித்தார். பதினாலாம் நம்பர் கிளம்பியது. நாற்பத்திரண்டு நிறுத்தம். எல்லா நிறுத்தத்திலும் நின்றார். ஆளில்லாத நிறுத்தத்திலும், யாராவது ஓடி வரலாம் என்று கொஞ்சம் காத்திருந்தார். மஞ்சள் விளக்குக்கே பிரேக் போட்டார். நாங்கள் நாலு பேரும் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து வந்தோம். முப்பத்தைந்தாவது நிமிஷம் வந்தபோது எக்ஸ்பர்ட் முன்னால் குனிந்தார். ஒன்றும் நிற்கவில்லை. அறுபதாவது நிமிஷம் முதலாளி கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார்.

"உட்காருங்க. இறங்கறதுன்னா ஸ்டாப்ல இறங்கணும்" என்றார் டிரைவர், திரும்பாமலே. முதலாளி உட்கார்ந்தார்.

ஒரு மணி ஐம்பது நிமிஷத்தில் பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றது. மெஷின் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தங்கை அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் அவளும் மூச்சு விட்டாள்.

எக்ஸ்பர்ட் விடவில்லை. "கவரோ கம்பளியோ, வண்டி திரும்பி வந்தது வந்ததுதானே மாமா? பேச்சு பேச்சுதானே?"

முதலாளி தாடையைச் சொறிந்தார். வீட்டுச் சாப்பாடு அவர் கண்முன் வந்துபோனது எனக்கே தெரிந்தது. அந்த இடத்தில் டிரைவர் நோட்டைத் திறந்து சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினார்.

"கோளாறு: வண்டியில் இல்லை. காரணம்: ஓட்டுநர், வண்டியின் மூக்கை மூடி ஓட்டியது." எழுதிவிட்டு நிமிர்ந்தார். "என்ஜின் மேல மூட்டையைக் கட்டி ஓட்டிட்டு என்ஜின் சரியில்லன்னு நான் என்னைக்கும் ரிப்போர்ட் எழுதினதில்ல தம்பி. வண்டி திரும்பி வரல. அதைத் தூக்கிட்டு வந்தது என் தப்பு. சரி, பூட்டினவர் கையெழுத்து யாரு போடறீங்க?"

"எதுக்கு?" என்றார் முதலாளி.

"கதவைத் திறந்து பார்த்தேன். உள்ள ஸ்டிக்கர் காலியா இருக்கு. கையெழுத்து இல்லாத வண்டியை நான் இத்தனை நாள் ஓட்டினதே பெரிய தப்பு. இனிமே எடுக்க மாட்டேன். ஒண்ணு கையெழுத்துப் போடுங்க, இல்ல பணத்தைக் குடுத்துட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க."

பணம் என்ற வார்த்தை முதலாளிக்கு எப்போதும் தெளிவைக் கொடுக்கும். மச்சான் பக்கம் திரும்பி, "நீ போடறியா?" என்றார்.

எக்ஸ்பர்ட் மின்விசிறியைப் பார்த்தார். போட்டால் ஒரு வருஷம் பொறுப்பு. அதுவும் தன் காலடிப் பள்ளம் விழுந்த கேபினட். "நான்தான் அன்னைக்கே மாட்டேன்னுட்டேனே" என்றார்.

"அப்ப போடும்மா" என்றார் முதலாளி. பில்லு என்று சொல்லவில்லை.

நான் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினேன். இடது கதவின் இரண்டு ஸ்க்ரூவையும் அவளே கழற்றினாள். டிரைவர் பேனாவை நீட்ட, கயிறு எட்டவில்லை. கயிற்றை அவிழ்த்தே கொடுத்தார். அவள் தரையில் உட்கார்ந்து, கதவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவசரப்படாத" என்றேன்.

"நீ பேசாத அண்ணா. கவர் தெச்சவங்க பேசக் கூடாது" என்றாள்.

பழைய பில்களில் பழகியது எதுவும் அவள் கைக்கு வரவில்லை. எழுத்துகள் மறுபடியும் பள்ளிக்கூட வரிசையில்தான் நின்றன. முதல் எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக, வகுப்புத் தலைவி மாதிரி. யாரும் அவளுக்காகப் போடாத அந்தப் பெயருக்குக் கீழே, தேதியையும் அவளே எழுதினாள்: 14.3.2019, வியாழக்கிழமை.